ஒரு கெட்ட வார்த்தையின் பூர்வீகம்

மனித குலத்தின் சகல துயரங்களுக்கும் அகராதியில் மருந்துண்டு என்று நிரூபித்த பெருமை எங்கள் அலுவலக 'ஒழுக்க மேம்பாட்டுக் குழு'வையே சேரும். அதன் செயலாளர் அடியேன்தான்.

எங்கள் டைப்பிஸ்ட் ஒரு புகார் கொடுத்திருந்தாள். மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தோளைத் தொடுகிறாராம். வேறு அறையில் இடம் வேண்டுமாம்; இல்லாவிட்டால் வேலையையே விட வேண்டியதுதானாம். போகிற போக்கில், மேலாளரின் நடத்தை 'லூட்' (lewd) என்று ஓர் ஆங்கில வார்த்தையையும் போட்டுவிட்டாள்.

வேறு குழுவாக இருந்தால், "தொட்டாரா, இல்லையா?" என்று கேட்டு விஷயத்தைக் கொச்சைப்படுத்தியிருக்கும். நாங்கள் அகராதியை வரவழைத்தோம். 'சுமுக நடைமுறை'ப்படி இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தோம்.

நான் கணீரென்று படித்தேன். 'லூட்' என்றால் ஆதியில் மதகுருவாக இல்லாத சாமானியன். பிறகு, படிக்காதவன். அப்புறம் படிப்படியாகச் சீரழிந்து, கடைசியில்தான் ஆபாசத்துக்கு வந்து சேர்ந்தது.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம மேலாளர் என்ன படிச்சிருக்கார்?"

"ரெண்டு எம்.ஏ. சார்," என்றார் மேலாளர், அடக்கமாக.

"அப்ப அவருக்கு இந்த வார்த்தை எப்படிய்யா பொருந்தும்?"

"பொருந்தவே பொருந்தாது சார்," என்றேன். வேரையே பிடித்துவிட்ட பூரிப்பு எனக்கு.

தலைவர் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா படிச்சிருக்கே?"

"பள்ளிக்கூடத்தோட நிறுத்திட்டேன் சார். ஆனா நான் கேக்கறது வேற ரூம்..."

"பாத்தீங்களா? ஆதி அர்த்தப்படி வார்த்தை யாருக்குப் பொருந்துது!"

மேலாளர் பெருந்தன்மைக்காரர். "விடுங்க சார், சின்னப் பொண்ணு. தெரியாம எழுதிட்டா. நான் மன்னிச்சிட்டேன்," என்றார். எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. புகார் 'சொல்லாராய்ச்சி அடிப்படையில்' தள்ளுபடி. டைப்பிஸ்ட் பழைய இடத்திலேயே உட்கார வேண்டியது என்று தலைவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"சார்," என்றாள் அவள். குரலில் கோபம். "அந்த வார்த்தையை நானே வாபஸ் வாங்கிக்கறேன். இப்ப என் தோள் மேல இருக்கற கையை மட்டும் எடுக்கச் சொல்லுங்க."



தலைவர் தொண்டையைச் செருமினார். "'கை'ன்னா ஆதியில என்ன அர்த்தம்னு பாருங்கய்யா."

ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து தேடினோம். அகராதி இருக்கும்போது நிமிர்ந்து வேறு பார்ப்பானேன்?