மாப்பிள்ளைக்கு ஓட்டம் இல்லையாம்!

அந்தப் பன்றிப் பண்ணை வாசலில் காலை ஏழு மணிக்கே கூட்டம் நெட்டித் தள்ளியது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாட்டில். சிலர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள், சிலர் அக்குளில் இடுக்கியிருந்தார்கள். உள்ளே இருந்தது தேனுமல்ல, மருந்துமல்ல; அவரவர் ஆண்பன்றியின் விந்து. அதன் தரத்தைக் குண்டையா ஆட்டிப் பார்த்துச் சொல்லப்போகிறார்!

குண்டையா என்றதும் தொந்தியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆள் ஒட்டடைக்கம்பு. முன்பு கொத்தனாராக இருந்தவர். கட்டிய சுவரெல்லாம் கோணிக்கொண்டதில் வேலை போயிற்று, தூக்குக்குண்டு மட்டும் கையில் மிஞ்சியது. அதைத்தான் இப்போது பாட்டிலுக்கு மேலே தொங்கவிடுகிறார். குண்டு சுற்றினால் உயிரணு ஓடுகிறது. சும்மா நின்றால் செத்துவிட்டது. சுவர் நேராக இருக்கிறதா என்றே சொல்லத் தெரியாத குண்டு, பன்றிக்கு வாரிசு உண்டா என்று சொல்கிறது. கேட்க இத்தனை பேர் இருக்கும்போது அது ஏன் சொல்லாது?

பண்ணையின் லேப் அக்கா ஜன்னல் வழியே பார்த்துப் பல்லைக் கடித்தாள். நான்கு வருடமாகத் தினமும் ஒரு சொட்டு எடுத்து, உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய கண்ணாடித் துண்டில் விட்டு, எத்தனை அணு நேராக நீந்துகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவள் அவள். மூன்று மாதமாக முதலாளி அவளை ஒரு வார்த்தை கேட்பதில்லை. எல்லாம் குண்டையாதான். அவர் சொன்னபடி பாட்டில்கள் ஐஸ் பெட்டிக்குள் போயின. அதன்பிறகு சினை ஊசி போட்ட பத்துப் பன்றிகளில் ஒன்பதுக்குச் சினை பிடிக்கவில்லை. பழி மட்டும் பண்ணையின் மூத்த ஆண்பன்றி மேல் விழுந்தது. அதை வேலையாட்கள் செல்லமாக ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடுவார்கள்.

“மாப்பிள்ளைக்கு ஓட்டமே இல்லையாம்!” என்று முதலாளி போனில் கத்தினார். “இன்னைக்கே வெட்டுக்கு அனுப்பிடலாம்!”

அடுத்த அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த அவருடைய சொந்த மாப்பிள்ளைக்குப் புரையேறியது. மகள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். “அப்பா! கல்யாணமாகி ஆறு மாசம்தானே ஆகுது? கொஞ்சம் பொறுங்களேன்!”

பன்றியைத்தான் சொன்னேன் என்று புரியவைப்பதற்குள் முதலாளிக்கு வியர்த்து ஊற்றிவிட்டது.

லேப் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளையின் விந்தை அன்று காலையில்தான் பார்த்திருந்தாள்; அணுக்கள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளாக ஓடின. வாசலில் வண்டியோடு காத்திருந்த கறிக்காரன் குண்டையாவின் சொந்த மச்சான் என்பதும் அவளுக்குத் தெரியும். குண்டு கைவிட்ட பன்றியெல்லாம் பாதி விலைக்கு அந்த வண்டியில்தான் ஏறின. நல்ல பிராணியை அநியாயமாகக் கொல்ல விடக்கூடாது என்று முடிவு செய்தாள். மூன்று பாட்டில்களை எடுத்துக்கொண்டு நேரே கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள்.

“ஐயா, இந்த மூணையும் பார்த்துச் சொல்லுங்க.”

“பேர் ஒட்டலையே?”

“ஒட்டலைங்க.”

“எந்தப் பன்னியோடதுன்னு தெரியாம குண்டு பேசாதும்மா.”

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த முதலாளி தலையைச் சொறிந்தார். “ஏன் ஐயா, குண்டு எப்போ எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிச்சு?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இனித் தப்பமுடியாது என்று குண்டையா குண்டை எடுத்தார். முதல் பாட்டிலுக்கு மேலே அது அசையவில்லை. “செத்துப்போச்சு. வெறும் தண்ணி.” இரண்டாவதில் லேசாகச் சுற்றியது. “பரவாயில்லை, ஓடுது.” மூன்றாவதில் மின்விசிறி தோற்றது. “அடேயப்பா! ஒரு ஈத்துக்குப் பதினாலு குட்டி நிச்சயம்! எந்த வீரனோடதும்மா இது?”

“எங்க டீக்கு வாங்கின பாக்கெட் பாலுங்க.”

கூட்டம் முண்டியடித்துக்கொண்டு பாட்டிலை எட்டிப் பார்த்தது.

“முதல் ரெண்டும் மாப்பிள்ளையோடது. ஒரே குடுவையிலேர்ந்து இப்பத்தான் ரெண்டாப் பிரிச்சு ஊத்தினேன். அதுல ஒண்ணு செத்துப்போச்சாம், ஒண்ணு ஓடுதாம்!”

முதலாளியை லேப்புக்குள் இழுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் குனியவைத்தாள். “அம்மாடி, என்ன ஓட்டம்!” என்றார் அவர். அடுத்து ஐஸ் பெட்டிப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு வைத்தாள். “இது ஏன் அப்படியே கிடக்குது?”

“பன்னி விந்து ஐஸ் குளிரு தாங்காதுங்க. பதினேழு டிகிரியில வைக்கணும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கொன்னது ஐயாவோட ஐஸ் பெட்டி. வெட்டுக்குப் போறது மட்டும் மாப்பிள்ளையா?”

முதலாளி பாய்ந்து வெளியே வந்தார். “பசுவோட சக்தி குறுக்கே வந்துடுச்சு...” என்று ஆரம்பித்த குண்டையாவை மச்சானின் வண்டியிலேயே ஏற்றினார்கள். அன்று அந்த வண்டியில் ஏறிய ஒரே பிராணி அவர்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முட்டை வியாபாரி ஒருவர் வண்டிக்குப் பின்னால் ஓடினார். “ஐயா! பால்ல ஏதோ தவறிட்டீங்க, அதனாலென்ன? நம்ம முட்டைக்குக் குண்டைக் காட்டிட்டுப் போங்க!”

லேப் அக்கா அந்த வியாபாரியின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள்.

“எந்தக் கண்ணை மூடிக்கணும்மா?” என்று கேட்டார் அவர்.

“எந்தக் கண்ணை வேணும்னாலும் மூடிக்குங்க, அண்ணே. மூளையை மட்டும் தொறந்து வைங்க!”