பில்பீம் எஞ்சின் பார்த்த கதை

ரயிலுக்குப் போனால் பெட்டியில் ஏறி உட்காருகிறவர்கள் ஒரு ரகம். நேரே எஞ்சினிடம் போய் நிற்கிறவர்கள் இன்னொரு ரகம். ஊர் போய்ச் சேருவது இவர்களுக்கு முக்கியமில்லை, இழுத்துக்கொண்டு போவது எது என்பதுதான் முக்கியம். இங்கிலாந்தில், டெவன் பக்கத்துக் கிளை ரயில் பாதைகளில் இவர்களிடம் அகப்படாமல் யார் தப்பியிருக்கிறார்கள்?

ஹொரேஸ் பில்பீம் இந்த ரகத்தில் முற்றிய கேஸ். அன்று பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் மகள் டாஃப்னிக்குக் கல்யாணம். மணப்பெண்ணைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போக வேண்டியவர் இவர். மனைவி மேபல் கேக் டப்பாவோடு ரயிலில் ஏறி இடம் பிடித்துவிட்டாள். இவரோ, கோட்டில் பூவைக் குத்திக்கொண்டு, கோழிக்கூடையோடு வந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம், பார்த்தீர்களா, தண்ணீர்த் தொட்டி எஞ்சினின் விலாவிலேயே இருக்கிறது, பின்னால் தனி வண்டி வேண்டாம், முன்னாலும் ஓடும், பின்னாலும் ஓடும், திருப்பிவிட வேண்டியதில்லை, கிராமத்துப் பயணிகளுக்கென்றே செய்த வகை என்று அளந்துகொண்டிருந்தார். அம்மாள் நைசாக நழுவினாள். அதனால் என்ன? டிரைவர் இருக்கிறாரே.

"ஏங்க, வந்து ஏறுங்க. கல்யாணம் உங்க பொண்ணுக்கு, எஞ்சினுக்கு இல்ல," என்றாள் மேபல், ஜன்னலில் தலையை நீட்டி.

இதோ வருகிறேன் என்றவர், டிரைவர் பக்கம் திரும்பி, நிலையத்துக்கு நிலையம் நின்றாலும் கிளம்பும்போது சட்டென்று வேகம் பிடிப்பதுதான் இந்த வகையின் பெருமை என்றார். டிரைவர் ஒத்துக்கொண்டார். கார்டு விசில் ஊதினார். எஞ்சின் நிரூபித்தது.

பில்பீம் ஓடிப் பார்த்தார். மேபலின் முகம் அவரைத் தாண்டிப் போயிற்று. அடுத்த வண்டி சாயங்காலம்தான் என்றார் போர்ட்டர். மனுஷன் சாலைக்கு ஓடினார். ஒரு பால் லாரிக்காரரைக் கெஞ்சி, கேன்களுக்கு நடுவே நின்றபடி போனார். சாலையோரம் தண்டவாளம் கூடவே வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேவாலய வாசலில் தனியாக நிற்கும் மகள்தான் கண்முன் நின்றாள்.

அப்படித்தான் நின்றுகொண்டும் இருந்தாள். சித்தப்பாவோடு உள்ளே போகச் சொல்லி எல்லோரும் வற்புறுத்தியும் அவள் அசையவில்லையாம். மேபல் நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தாள்.

"மன்னிச்சிடும்மா," என்றார் பில்பீம்.

டாஃப்னி அவர் கோட்டில் சிந்தியிருந்த பாலைத் துடைத்துவிட்டுக் கையைக் கோத்துக்கொண்டாள். "கிளம்பறப்ப நல்லா வேகம் எடுத்துச்சாப்பா?"

"பிரமாதம்மா," என்றார், கண் கலங்க.

நாம் அப்படியில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் மாப்பிள்ளை யார் என்று கேட்கத் தோன்றாமல், எஞ்சினுக்கு எத்தனை சக்கரம் என்று சொல்லவேயில்லையே என்று இவ்வளவு நேரமும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்ததா? அப்படியானால் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போய்விடுங்கள்.