நான் பள்ளமாக்கிய மலை

மலாயாவின் ஜொகூரில் ஒரு மலையைப் பள்ளமாகவும், அதை ஒட்டியிருந்த சதுப்பு நிலத்தை மலையாகவும் மாற்றியவன் நான். கோடரி தூக்கவில்லை, வெடி வைக்கவில்லை. ஒரு பேனா, கொஞ்சம் மை, நான்கு நாள் வேலை, அவ்வளவுதான். இதை வெளியில் ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. (வீட்டில் ஒப்புக்கொள்ளும் அவசியமே வரவில்லை. எனக்கு முன்னாலேயே கதை வீட்டுக்குப் போய்விட்டது.)

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு குளுவாங்கில் காட்டிலாகா அலுவலகம் ஒன்றில் வரைபடக் கிராணியாக இருந்தேன். குமாஸ்தாவைத்தான் எங்கள் பக்கம் கிராணி என்பார்கள். வயது இருபத்திரண்டு. மற்றவர்கள் காட்டுக்குள் போய் அளந்து கொண்டுவருவதை நான் மேசையில் உட்கார்ந்து படமாக வரைவேன். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, காட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். உண்மையில் நான் காட்டுக்குள் காலே வைத்ததில்லை. காட்டில் அட்டை இருக்கிறது, சேறு இருக்கிறது. காகிதத்தில் இரண்டும் கிடையாது. எனக்குக் காகிதம் போதுமாக இருந்தது. நான் போட்டிருந்ததோ வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து, கஞ்சி போட்ட கால்சட்டை.

காட்டுக்குள் போகிறவர்கள் வேறு ஆட்கள். அளவுச் சங்கிலி பிடிப்பவர் மாணிக்கம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்து எங்கள் இலாகாவுக்கு வந்தவர், நாற்பதைத் தாண்டியவர். அவர் என்னை ஐயா என்பார், நான் அவரை மொட்டையாக மாணிக்கம் என்பேன். (அப்போது அது தப்பாகவே தெரியவில்லை, பாருங்கள்.) வனக்காவலர் யூசோப் என் வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். லாயாங் லாயாங் பக்கத்துக் காட்டின் அடிவாரத்தில் இருந்த ஒரு கம்பத்தில்தான் அவர் வீடு. (மலாய்க் கிராமத்தை எங்கள் பக்கம் கம்பம் என்பார்கள்.) எல்லோருக்கும் மேலே துரை. வெள்ளைக்காரர். நல்ல மனிதர், ஆனால் சந்தேகப் பேர்வழி. நான் அழகாக எழுதிக் கொடுத்ததையும் இரண்டு தரம் படிப்பார்.

ஒருநாள் சிங்கப்பூர் ரயிலில் ஒரு மரப்பெட்டி வந்தது. அந்த லாயாங் லாயாங் காட்டை ஆகாய விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்கள் உள்ளே இருந்தன. ஒரு படத்தை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் பயறு கொட்டிப் பரப்பியதுபோல் இருந்தது. இதற்கா விமானம் ஏறினார்கள் என்று நினைத்தேன்.

துரை பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தார். நான்கு கால், மேலே இரண்டு கண்ணாடிச் சில்லு. பக்கத்துப் பக்கத்துப் படங்கள் இரண்டை அதன் கீழே வைத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். முதலில் பயறுதான் தெரிந்தது. கண் கொஞ்சம் பழகியதும் காடு எழுந்து நின்றது. அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மரமும் உருண்டு திரண்டு மேலே வந்தது. ஓடை கீழே இறங்கிப் போனது. மலை என் மூக்கைத் தொட வந்தது. நான் நிமிர்ந்து கண்ணாடிக்குக் கீழே கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். காகிதம் தட்டையாகத்தான் இருந்தது.

அன்றைக்கு அலுவலகத்தில் யாரும் வேலை பார்க்கவில்லை. எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். மாணிக்கம் குனிந்த வேகத்தில் நிமிர்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். "கீழ விழுந்துடுவேன்போல இருக்குங்கய்யா" என்றார். யூசோப் மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு மூலையைத் தொட்டு, இதோ இதற்குக் கீழேதான் எங்கள் நெல்வயல் என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. மறுபடி பார்க்க என் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

துரை விளக்கம் சொன்னார். விமானம் ஒரு படம் எடுத்துவிட்டுச் சற்று நகர்ந்து இன்னொன்று எடுக்கிறது. ஒன்று இடக்கண் பார்ப்பது, மற்றது வலக்கண் பார்ப்பது. இரண்டும் சேரும்போது உயரமும் பள்ளமும் தெரிகிறது. காட்டை நடந்தே அளந்தால் மாதக்கணக்கில் ஆகும். இப்படிப் பார்த்துப் படம் வரைந்துவிட்டால், எந்தப் பகுதியை எந்த வருடம் வெட்டலாம், எங்கே விதை மரங்களை விட்டுவைக்க வேண்டும், எந்தச் சரிவில் கோடரியே படக்கூடாது என்று முன்கூட்டியே திட்டம் போடலாம். இன்று வெட்டிய இடத்தில் அறுபது வருடம் கழித்து வருகிறவனுக்கும் வெட்ட மரம் இருக்க வேண்டும் என்றார். அறுபது வருடம் கழித்து யார் இருக்கப்போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கண்ணாடியை மட்டும் விட மனமில்லை.

படங்கள் இரண்டு வரிசை. முதல் வரிசையை நானும் துரையுமாகச் சேர்ந்து முடித்தோம். இரண்டாவது வரிசையைத் துரை நீள மேசையில் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு ஜொகூர் பாருவுக்கு ஒரு வாரக் கூட்டத்துக்குப் போனார். அதற்குள் நான் வரைந்து முடித்துப் புகைப்படங்களைச் சிங்கப்பூருக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது உத்தரவு.

அவர் போனதும் மேசையைப் பார்த்தேன். படங்களின் மூலையில் எண் இருந்தது. முதல் வரிசையில் இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. இரண்டாவது வரிசையில் எண்கள் வலமிருந்து இடமாகப் போயின. துரை ரயிலுக்கு அவசரப்பட்டு மாற்றி அடுக்கிவிட்டார் என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. பாவம், பெரிய படிப்புப் படித்தவர், எண் வரிசை தெரியவில்லை. எல்லாவற்றையும் கலைத்து இடமிருந்து வலமாக அடுக்கினேன். கோப்பு ஒன்றைக்கூட எண் மாறி வைக்காத கிராணி நான்.

விமானம் ஒரு பக்கமாகப் போனால் திரும்பி எதிர்ப்பக்கமாகத்தான் வரும், எண்களும் அப்போது எதிராகத்தான் ஓடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இடக்கண் பார்க்க வேண்டியதை வலக்கண்ணுக்கும், வலக்கண் பார்க்க வேண்டியதை இடக்கண்ணுக்கும் கொடுத்துவிட்டேன். அப்படிக் கொடுத்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

குனிந்து பார்த்தேன். காடு விசித்திரமாக இருந்தது. மரங்களெல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் குழிந்து கிடந்தன. வேறு யாராவது இருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. உலகத்தில் யாரும் பார்க்காத மரத்தைப் பார்த்துவிட்டேன் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: 'இப்பகுதியில் உச்சி குழிந்த ஒருவகை மரம் மிகுதியாக உள்ளது. மழைநீரைச் சேமிக்கும் பொருட்டு இவ்வாறு அமைந்திருக்கலாம்.' (காரணம்கூட நானே கண்டுபிடித்துக் கொடுத்தேன்.)

முதல் வரிசையும் இரண்டாவது வரிசையும் சேரும் இடத்தில் கோடுகள் ஒட்டவில்லை. அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டே வந்த நிலம் இந்தப் பக்கம் திடீரென்று ஏறியது. அரை நாள் யோசித்தேன். கடைசியில் நடுவில் ஒரு செங்குத்துப் பாறையை வரைந்து சமாளித்தேன். பாறை நன்றாக வந்திருந்தது.

துரை திரும்பி வந்து படத்தைப் பார்த்தார். வடக்கே அகலமான காய்ந்த மேடு. மரம் இழுத்துவர வழிபோட அருமையான இடம். தெற்கே பெரிய பள்ளம். பள்ளத்தை வெட்டினால் மண் சரிய வழியில்லை, முதலில் அதை வெட்டலாம் என்று பென்சிலால் குறித்தார். பிறகு என் குறிப்பைப் படித்தார். இரண்டு தரம் படித்தார். அந்த மரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தரம் நடந்துவிடுவது அவர் வழக்கமும்கூட. நான், திசைகாட்டியே வேண்டாம், படத்தை வைத்து நானே வழி சொல்கிறேன் என்றேன். அதைச் சொல்ல யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

லாயாங் லாயாங் வரை ரயில். அங்கிருந்து நடை. துரை, யூசோப், மாணிக்கம், வெள்ளைச் சப்பாத்தோடு நான். காலை முழுவதும் என் ராஜ்ஜியம்தான். இப்போது ஓடை வரும் என்பேன், வரும். இப்போது ஏற்றம் என்பேன், ஏறும். மாணிக்கம் என்னை ஏதோ குறி சொல்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முதல் வரிசை அது.

நடுப்பகலில் என் பாறை இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தோம். பாறை இல்லை. துரை எங்கே என்று கேட்டார். மரம் மறைத்திருக்கும் என்றேன். இனி ஏற்றம் என்று வடக்கே கை காட்டினேன். நிலம் இறங்கியது.

"கிராணி, அங்கே பாயா" என்றார் யூசோப். பாயா என்றால் சதுப்பு.

சின்னப் பள்ளம், தாண்டினால் மேடு என்றேன். சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தது. பின்பு முழங்கால். பாண்டான் தாழை முட்கள் இரண்டு பக்கமும் கிழித்தன. ஒவ்வொரு அடிக்கும் அட்டைகள் ஏறின. மாணிக்கம் நின்றுவிட்டார். "ஐயா, மேடு இன்னும் எம்புட்டு தூரம்?" என்று கேட்டார். நாம் இப்போது மேட்டின்மேல்தான் நிற்கிறோம் என்று படத்தைப் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இடுப்புவரை இறங்கிவிட்டேன்.

படத்தை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அதனால் என்னைப் பிடித்துத் தூக்க என்னிடம் கையே இல்லை. இழுக்க இழுக்கச் சேறும் இழுத்தது. துரை ஒரு மரக்கிளையை வெட்டி நீட்டினார், மாணிக்கம் என் அக்குளில் கைகொடுத்தார். "படத்தை வுடுங்கய்யா, ஆளு வந்தாப் போதும்" என்றார். விட்டேன். கடைசியில் நான் வெளியே வந்தேன். சப்பாத்தும் கால்சட்டையும் வரவில்லை. யூசோப் தன் மூட்டையிலிருந்து ஒரு சாரத்தை (கைலிதான்) எடுத்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

காய்ந்த இடம் எங்கே என்று துரை கேட்டது யூசோப்பை. யூசோப் தெற்கே நடந்தார். படத்தில் நான் பள்ளம் என்று போட்ட இடம் அது. ஏறினோம். ஏறிக்கொண்டே இருந்தோம். வெயில் சாய்வதற்கு முன் உச்சிக்கு வந்தோம். காற்று வீசியது. ஒரு மரம் விழுந்து ஏற்பட்ட இடைவெளியில் கீழே காடு முழுவதும் தெரிந்தது.

சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். ஒவ்வொரு மரமும் உருண்டு திரண்டு மேலே வந்திருந்தது. ஒன்றுகூடக் கிண்ணமாக இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குளுவாங்கில் இருந்த மேசையும், அதில் நான் கலைத்த எண்களும், விமானம் திரும்பி வந்த திசையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பயத்தைவிட முதலில் வந்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல, ஒரு வியப்பு. இடத்தையும் வலத்தையும் மாற்றினால் ஒரு மலையே உள்வாங்கிவிடுமா என்று இருந்தது.

பயம் அடுத்து வந்தது. மலையின் மறுபக்கம் யூசோப் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன். செங்குத்தான சரிவு, அடியில் ஓர் ஓடை, அதற்கப்பால் கையகலத்துக்குப் பச்சை நெல்வயல். துரை முதலில் வெட்டலாம் என்று பென்சிலால் குறித்தது இந்தச் சரிவைத்தான்.

"இதை வெட்டினா?" என்று அவரிடம் மலாயில் கேட்டேன்.

"முதல் மழையில் மண்ணெல்லாம் எங்க வீட்டுக்குள்ள" என்றார்.

வேலை போனாலும் போகட்டும் என்று துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுக்கியதை நான்தான் கலைத்தேன், பாறையும் நானே போட்டது என்றேன். அவர் புகைக்குழாயைப் பற்றவைத்தார். அடுத்த கூட்டத்தில் காட்ட வேண்டிய திட்டம் அது. பிறகு, மழைநீர் சேமிக்கும் மரம் என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்படி ஒரு மரம் இல்லை என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, உட்கார்ந்துவிட்டார்.

வேலை போகவில்லை. தண்டனை வேறு மாதிரி வந்தது. புகைப்படங்கள் மறுபடி வர நாளாகும். அதுவரை இரண்டாவது வரிசை முழுவதையும் காலால் நடந்து அளந்து வரவேண்டும் என்றார். சங்கிலியின் ஒரு முனையில் மாணிக்கம், மறுமுனையில் நான், முன்னால் கத்தியோடு யூசோப். இரண்டரை மாதம். முதல் வாரம் அழுகை வந்தது. இரண்டாவது வாரம் அட்டையைப் பிடுங்காமல் புகையிலைத் தண்ணீர் தடவக் கற்றுக்கொண்டேன். மூன்றாவது வாரம், மாணிக்கம் என்று கூப்பிடத் தொடங்கி, நாக்கு தானாக மாறி, மாணிக்கண்ணே என்று வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே "ம்" என்றார்.

புகைப்படங்கள் திரும்பி வந்தபோது அவற்றைச் சரியான வரிசையில் அடுக்கி, நாங்கள் நடந்து வரைந்த படத்தோடு வைத்துப் பார்த்தோம். ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மாதக்கணக்கில் நடந்ததைக் கண்ணாடி ஒரு நிமிடத்தில் காட்டியது. எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அங்கேதான் வழுக்கி விழுந்தேன், அந்த மரத்தடியில்தான் சோறு தின்றோம் என்று ஒவ்வொரு உருண்டையாக அடையாளம் தேடிக்கொண்டிருந்தேன். தெற்குச் சரிவைச் சுற்றித் துரை சிவப்பு மையில் கோடு போட்டார். அதற்குள் கோடரி போகக்கூடாது.

புதுப் படத்தில் இடப்பெயர்கள் எழுத வேண்டியிருந்தது. பெயரில்லாத இடங்களுக்கு உள்ளூர்க்காரர்கள் என்ன சொல்கிறார்களோ அதையே போடுவது வழக்கம். வடக்குச் சதுப்புக்குப் பெயர் உண்டா என்று துரை யூசோப்பிடம் கேட்டார். முன்பு இல்லை, இப்போது உண்டு, கம்பத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார் யூசோப். துரை என்னை அழைத்து, உன் அழகான எழுத்தில் எழுது என்றார். எழுதினேன். பாயா கிராணி. குமாஸ்தாவின் சேறு.

இரண்டு வருடம் கழித்துத் தங்காக்கில் பெண் பார்க்கப் போனபோது, பெண் காபித் தட்டை வைத்துவிட்டு, அந்தப் பாயா கிராணி நீங்கதானா என்று கேட்டாள். மாணிக்கண்ணனின் உறவுக்காரர்கள் அந்த ஊரில் இருந்தது எனக்குத் தெரியாது. ஆமாம் என்றேன். உடனே சம்மதம் சொல்லிவிட்டாள். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை.

பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு யாராவது புதிதாக வந்து, உங்களுக்கு ஜொகூரில் நிலம் ஏதாவது உண்டா என்று பேச்சுவாக்கில் கேட்டால் போதும். என் மனைவி அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள்: "ஏன் இல்ல, லாயாங் லாயாங் பக்கம் இவரு பேருலயே இருக்கு. அரசாங்கப் படத்துல போட்டிருக்கான். போய்ப் பாக்கணும்னா சொல்லுங்க, ஒரு சாரம் மட்டும் எடுத்துட்டுப் போங்க."