ஏரிக்குள் ஒரு சலவைக்கடை

நகராட்சி தன் வரைபடத்தைக் கணினிக்கு மாற்றியபோது ஊரே மகிழ்ந்தது; சலவைக்கடைக்காரரும் மகிழ்ந்தார். பாவம், தன் கடை ஏரிக்குள் போய்விட்ட சேதி அவருக்குத் தெரியாது.

குழாய் இணைப்பு கேட்டுப் போனபோதுதான் தெரிந்தது. தண்ணீர் இல்லாமல் சலவைக்கடை எப்படி ஓடும்? வாடிக்கையாளர்கள் அழுக்குத் துணியை அழுக்காகவே திருப்பி வாங்கிக்கொண்டிருந்தார்கள். வரைபட அதிகாரி பொறுமையாக விளக்கினார். சாலைக்கு ஓர் அடுக்கு, கட்டடத்துக்கு ஓர் அடுக்கு, நீருக்கு ஓர் அடுக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல. நீர் அடுக்கைப் பொருத்தும்போது யார் கை பட்டதோ, அது நகர்ந்து உட்கார்ந்துவிட்டது. ஊருக்கு வெளியே இருந்த ஏரி சலவைக்கடை மேல் நீலமாகப் படுத்திருந்தது.

"ஏரிக்குள்ள இருந்துக்கிட்டுத் தண்ணி கேக்கிறீங்களே, நியாயமா?" என்றார் அதிகாரி.

"ஐயா, அந்த நீல அடுக்கைக் கொஞ்சம் அணைச்சுப் பாருங்க."

அணைத்தார். கடை பளிச்சென்று தெரிந்தது. சலவைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப குழாய் குடுத்துடலாமே?"

"குழாயும் நீர் அடுக்குலதான் இருக்கு. அதைப் போட்டாத்தான் குழாய் தெரியும். போட்டா நீங்க மூழ்கிடுவீங்க. தெரிஞ்சே ஒரு மனுஷனை மூழ்கடிக்க எனக்கு மனசு வரலை."

அடுக்கைப் பழையபடி நகர்த்தக் கூடாதா என்று கேட்டதற்கு, ஒப்புதல் பெற்ற அடுக்கை நகர்த்துவதைவிட ஏரியை நகர்த்துவது சுலபம் என்றார். ஆனாலும் நேரில் பார்க்க ஓர் ஆய்வாளரை அனுப்பினார். அவர் கைப்பேசியைப் பார்த்தபடியே வந்து, நீலம் தொடங்கும் இடத்தில் நின்று, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு புழுதியில் இறங்கினார். ஆழம் அதிகம் என்று சொல்லிப் பாதியிலேயே திரும்பிவிட்டார்.

கடைசியில் அதிகாரிதான் மனமிரங்கி வழி சொன்னார். ஏரி இருந்த இடம் இப்போது வரைபடத்தில் அருமையான காலிமனை; அங்கே போனால் உடனே குழாய். சலவைக்காரர் போனார். குழாய் ஆசையில் பாதித் தெருவும் பின்னாலேயே போனது.

இணைப்பு கொடுத்த நாளில் எல்லோரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கைதட்டினார்கள். சலவைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"இதோ இவ்வளவு தண்ணி நிக்குதே, இதுல அலசினா என்னங்க?" என்று மனைவி வாளியைச் சாய்த்தாள்.

"சும்மா இரு. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க? இது தரை."

அக்கம்பக்கத்தார் அதை ஆமோதித்து, காலிக் குடங்களைத் தலைக்குமேல் நனையாமல் பிடித்துக்கொண்டு, குழாயடியில் வரிசையாக நின்றார்கள்.