கண்ணை மூடிச் சாப்பிட்டாள்

என் மனைவி இனிமேல் அந்த ஆள் கையால் ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது!

இந்தச் சபதத்தை நான் எடுத்தது விடுதி அறைக் குளியலறையில், வாயில் பிரஷ்ஷோடு. பாதிச் சபதம் நுரையோடு போய்விட்டது. மீதியையாவது நிறைவேற்றுவோம் என்று வாயைக் கொப்பளித்தேன்.

விஷயம் இதுதான். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். என் மனைவிக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. 'நிறுத்தியிருந்த கார் தானாகவே போய் மரத்தில் மோதிவிட்டது' என்று எழுதிக் கொடுப்பவர்களை உட்காரவைத்து உண்மையைக் கறப்பது அவள் உத்தியோகம். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக நாலு நாள் லீவு போட்டுக் கடற்கரை ஊருக்கு வந்திருந்தோம். வந்த அன்று சாயங்காலமே, "என்னங்க, ஜப்பான் சாப்பாடு சாப்பிட்டுப் பார்க்கலாமா?" என்றாள். நானும் ஒரு மடையன், தலையாட்டினேன்.

அந்தக் கடையில் மேஜையே கிடையாது. நீளமாக ஒரு மரப்பலகை, எட்டு நாற்காலி. பலகைக்கு அந்தப் பக்கம் சமையல்காரர். நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர்தான். பத்து வருஷம் ஜப்பானில் தொழில் கற்றவராம். என்ன வேண்டும் என்று அவர் கேட்பதில்லை. ஒரு சிறு பிடி சோறு, இரண்டு விரலால் ஓர் அழுத்து, மேலே ஒரு துண்டு மீன், அதன்மேல் பிரஷ்ஷால் சோயா சாஸ் ஒரு தடவல். சூஷி தயார். அப்புறம்தான் அக்கிரமம். அதை நேராக நம் உள்ளங்கையில் வைக்கிறார். அந்த விநாடியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். போட்டு, மென்று, விழுங்கும்வரை எதிரிலேயே நின்று முகத்தைப் பார்க்கிறார். கேட்டால் தொழில் முறையாம்!

என் மனைவி வாயில் போட்டாள். கண்ணை மூடினாள்.

"ஆஹா...!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த 'ஆஹா'வை இருபத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். என் அம்மா ஊருக்குக் கிளம்புகிறேன் என்று பெட்டியைத் தூக்கிய அன்று. அதுவும் இவ்வளவு நீளமாக இல்லை.

மூன்றாவது சூஷியை அவர் அவளுக்கு மட்டும் இரண்டாக வெட்டினார்.

"அவளுக்கு மட்டும் எதுக்கு வெட்டறீங்க?" என்றேன்.

"மேடம் இடது பக்கமாவே மெல்றாங்க சார். வலது பக்கம் பல் வலி போல இருக்கு."

"ஐயோ, ஆமாங்க! மூணு வாரமா வலிக்குது!" என்றாள் இவள், கடவுளையே நேரில் பார்த்தவள் மாதிரி.

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேனே. நீங்க 'ம்'னீங்க."

சமையல்காரர் என்னைப் பார்த்தார். ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிறவன் நான். என் வீட்டுப் பல்லை ஒருத்தர் மூன்றே வாயில் கண்டுபிடித்துவிட்டார். வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சலில், எதிரே இஞ்சிக்குப் பக்கத்தில் பச்சையாக இருந்த உருண்டையை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். காரம் மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறியது. பொலபொலவென்று கண்ணீர்.

"பாருங்க, அவருக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு," என்றாள் மனைவி.

கழுவுகிற இடத்துக்கு ஓடினேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் சபதம்.

"இன்னிக்கும் அங்கேயே போலாமா?" என்றாள், தலை வாரிக்கொண்டே.

"முடியாதே. போன் பண்ணினேன். இன்னிக்கு லீவாம்."

"யார் எடுத்தாங்க?"

"ஒரு பொண்ணு."

"அங்க பொண்ணே இல்லையே?"

"போன் எடுக்கறதுக்குன்னு வெச்சிருப்பாங்க."

"லீவு நாள்ல வந்து, லீவுன்னு சொல்றதுக்குன்னே ஒரு பொண்ணு?"

எனக்கு வியர்த்தது. "அப்படித்தான். அதெல்லாம் ஜப்பான் முறை," என்றேன்.

சீப்பு ஒரு விநாடி நின்றது. "சரி, அப்ப வேற எங்க போறது?"

வென்றேன்! "கடற்கரையோட அந்தக் கோடியில இன்னொரு ஜப்பான் கடை இருக்கு. எதிர்ல ஆளே நிக்க மாட்டாங்க. தட்டு தானா ஓடி வரும். எடுத்துக்க வேண்டியதுதான்."

"லீவுல வந்தும் எனக்காக இவ்வளவு விசாரிச்சிருக்கீங்களே!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் போனோம். ரப்பர் பட்டை கடையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் சின்னச் சின்னத் தட்டுகள். எனக்குப் பரம திருப்தி. பட்டைக்குக் கண் கிடையாது. பட்டை யார் பல்லையும் ஆராயாது. ஒரு தட்டை எடுத்து, சூஷியை நானே அவள் உள்ளங்கையில் வைத்தேன். நானே எதிரில் குனிந்து முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கு," என்றாள். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

அப்போது அவள் பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அரை டிராயர், ரப்பர் செருப்பு, கையில் துணிப்பை, கடலில் குளித்த ஈரத் தலை.

"வணக்கம் மேடம். வணக்கம் சார்!"

அதே ஆள்!

"நீங்க எப்படி இங்க?" என்று அலறினேன்.

"இன்னிக்குக் கடை லீவு சார். புதன்கிழமை லீவுன்னு வாசல்லயே எழுதி வெச்சிருக்கேனே."

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் உண்மையாகிப்போனது அது ஒன்றுதான்.

"அதை எடுக்காதீங்க மேடம். அது நாலு சுத்து சுத்திடுச்சு. இதோ வருது பாருங்க, இதுதான் புதுசு," என்று அவர் எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் வாயில் போட்டாள். இமை லேசாக இறங்கியது.

எனக்குள் ஏதோ வெடித்தது.

"இதுல என்னய்யா பெரிய வித்தை? சோத்தைப் பிடிச்சு மேல மீனை வைக்கிறது! இதை நான்கூடச் செய்வேன்!"

மனைவி சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். "செய்வீங்களா?"

"செய்வேன்!"

"வீட்டுலயா?"

"வீட்டுலதான்!"

"ஒரு நாளா?"

"தினமும் செய்வேன்! நீ உக்காரு, நான் செஞ்சு உன் கையில வைக்கிறேன்!"

"கேட்டுக்கிட்டீங்க இல்ல?" என்று அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டேன் மேடம்," என்று அவர் துணிப்பையிலிருந்து ஒரு வெள்ளை ஏப்ரனை எடுத்து விரித்தார். "சார், நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மீன் சந்தை வாசலுக்கு வந்துடுங்க. ரெண்டு நாள் வகுப்பு. உங்க இடுப்பு அளவு மேடம் நேத்தே குடுத்துட்டாங்க."

"நேத்தேவா?"

"நீங்க மூக்கைக் கழுவிட்டிருந்தீங்களே, அப்ப."

திரும்பி வரும்போது மணலில் ஏப்ரனும் கையுமாக நடந்தேன்.

"அப்ப இன்னிக்கு லீவுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். லீவு நாள்ல அவர் எங்க சாப்பிடுவார்னும் கேட்டு வெச்சிருந்தேன். உங்களை எப்படி அங்க இழுத்துட்டு வர்றதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன். நீங்களே கூட்டிட்டு வந்துட்டீங்க."

"உண்மையைச் சொல்லு. அந்த ஆளை உனக்கு..."

"சீ! அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள். "இருபத்தொரு வருஷமா வேலைக்கும் போயிட்டு ரெண்டு வேளையும் அடுப்புக்கிட்ட நின்னேன். நான் உக்காந்திருக்க, ஒருத்தர் செஞ்சு என் கையில வெச்சு, பிடிச்சிருக்கான்னு என் முகத்தைப் பார்த்தது நேத்துதாங்க முதல் தடவை. அது நீங்களா இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணிச்சு. நேரா கேட்டிருந்தா 'ம்'னிருப்பீங்க."

ஏப்ரனை இடுப்பில் கட்டிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. ஆனால் பொறாமை மட்டும் இம்மிகூடக் குறையவில்லை. இரண்டே நாளில் கற்றுக்கொண்டு அந்த ஆள் முகத்தில் கரியைப் பூசுகிறேன் பார் என்று கறுவிக்கொண்டேன். இப்படிக் கறுவுகிற கணவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருக்க முடியும்.

மறுநாள் ஆறு மணிக்கு மீன் சந்தை வாசலுக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே ஐந்து ஆண்கள் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். ஐந்து பேரும் சமையல்காரரை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "புதுசா சார்?" என்றார். "எனக்கு இது மூணாவது வருஷம்."