காயமில்லா நாள்: 29

2007 கோடை விடுமுறையில் நெல்லிக்குப்பத்தில் நடந்தவை:

1. மூன்றாம் நாள்: சைக்கிள் ஓட்டிய குழந்தையின் பின்னால் ஓடி, கரண்ட் கம்பத்தில் மோதி, நெற்றி வீக்கம்.
2. பதினோராம் நாள்: கொய்யா மரத்தில் ஏறிய குழந்தையைப் பிடிக்கக் கீழே கைவிரித்து நின்றபோது ஏணி சரிந்து, கால் கட்டைவிரல் நகம் போயிற்று.
3. இருபத்தொன்பதாம் நாள்: கரும்பு டிராக்டர். இடது முழங்கையில் எலும்பு முறிவு.

மூன்றும் எனக்கு நேர்ந்தவை. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

குழந்தை என் அக்கா மகள் யாழினி. அப்போது எட்டு வயது. அதற்கு முந்தைய வருடம் முழுக்க அடிபட்டவள் அவள்தான். தாடையில் தையல், உச்சந்தலையில் தையல். கடைசியாக, வீட்டெதிரே சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டரிலிருந்து கரும்பு உருவ ஓடி (எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தேசிய விளையாட்டு), விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். சக்கரம் ஒரு சாண் தள்ளிப் போயிற்று.

நான் சிதம்பரத்தில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். அங்கே குழந்தைகளுக்கான மனநல மருத்துவர் ஒருவரிடம் அக்காவையும் யாழினியையும் அழைத்துப் போனேன். பல தடவை பார்த்து, பள்ளியிலும் விசாரித்த பிறகு, கவனம் நிலைக்காமையும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. என்றார்.

"ஆபத்துன்னு அவளுக்குத் தெரியும்மா. தெரியறதுக்குள்ள கால் கெளம்பிடுது. மாத்திரை நடுவுல கொஞ்சம் நேரம் வாங்கிக் குடுக்கும். அடிபடறது குறையலாம். அடியே படாதுன்னு நான் சொல்லல. பசி, தூக்கம், எடை மூணையும் கவனிச்சிக்கிட்டே வாங்க."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், 'அடியே படாதுன்னு நான் சொல்லல' என்பதைத் தவிர.

அக்காவின் கணவரான மாமா, கடலூரை அடுத்த குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர். அவருக்கு மாத்திரையில் நம்பிக்கையில்லை.

"புள்ள பொம்ம மாதிரி ஆயிடும். ரெண்டு வருசம் போனா தானா சரியாயிடும்."

"ரெண்டு வருசம் டிராக்டரு காத்திருக்குமா?" என்றாள் அக்கா.

நான் குறுக்கே புகுந்தேன். கம்பெனி வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று போர்டு இருக்குமே, அதுபோல வீட்டிலும் வைப்போம். முப்பது நாள் காயமில்லாமல் போனால் மாத்திரை தொடரட்டும். மாமாவால் மறுக்க முடியவில்லை. அந்த போர்டு அவருக்குக் குலதெய்வம்.

"சரி அமுதா. ஆனா எங்க கம்பெனி ரூல்ஸுதான். டூட்டியில யாருக்கு அடிபட்டாலும் போர்டு ஜீரோ. டீ கொண்டாற ஆளு வெரலு நசுங்குனாலும் ஜீரோ. முப்பது வரலன்னா மாத்திரைய நிறுத்திடணும்."

ஃபிரிட்ஜ் மேல் ஒரு சிலேட்டை வைத்தேன்.

மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. வருங்கால இன்ஜினியர் செய்தது என்னவென்றால், பொழுது விடிந்ததிலிருந்து அவள் பின்னாலேயே அலைந்தது. (பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வண்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஓட்டுவது போல.) கம்பத்தையும் ஏணியையும் மாமாவிடம் மறைத்தேன். நெற்றிக்கு, "குளவி கொட்டிடுச்சி மாமா." நகத்துக்கு, மே மாத வெயிலில் வீட்டுக்குள் சாக்ஸ்.

யாழினி பொம்மை ஆகவில்லை. காலை இட்லிக்குப் பிறகு மாத்திரை. மதியம் பாதிச் சோறு தட்டிலேயே நிற்கும். ராத்திரி அதை ஈடுகட்டுவாள். வாய் மட்டும் குறையவேயில்லை.

"சித்தி, ஏன் என் பின்னாடியே வர்றீங்க? ஒங்களுக்கு வேற ஃப்ரெண்டே இல்லியா?"

இருபத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு டிராக்டர் வந்தது, கரும்பு வழிய வழிய. யாழினி சாலை ஓரத்தில் நின்றாள். அவள் குதிகால் உயர்வதைப் பார்த்தேன். பாய்ந்தேன்.

அவள் நகரவில்லை. நான்தான் அவளைத் தாண்டிப் போய், கரும்புத் தோகையில் வழுக்கி, சாலை நடுவில் முழங்கை ஊன்றி விழுந்தேன்.

யாழினி நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கினாள். "அண்ணே, நிறுத்துங்க. எங்க சித்தி உழுந்துட்டாங்க."

டிராக்டர் நின்றது. அவள் இடமும் வலமும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். ஓட்டுநர் இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, கரும்பு வேணும்னா கேட்டா குடுக்க மாட்டனா? சின்னப் புள்ள ஒழுங்கா நிக்குது. இம்மாம் பெரிய பொண்ணு ஓடியாறியே."

ஒரு கரும்பை உருவி யாழினியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மாவுக்கட்டோடு திரும்பியதும் மாமா சிலேட்டை எடுத்து 29ஐ அழித்தார்.

"டூட்டியில அடி. ஜீரோ. நீ ஒத்துக்கிட்ட ரூல்ஸு."

கம்பத்தையும் ஏணியையும் அப்போதே ஒப்புக்கொண்டேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு சைபரில் ஒரு மாதமும் போய், பழைய டிராக்டர் பயம் திரும்பி வந்துவிட்டது.

யாழினி கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "அப்பா, நான் மாத்திர சாப்புட்டேன், நின்னேன். சித்தி சாப்புடல, ஓடுனாங்க."

மூன்று வருடப் படிப்பில் எனக்கு இது தோன்றவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, மாத்திரை சாப்பிடாத ஒருத்தியும் சோதனையில் வேண்டும். அந்த இடத்தை நான் மூன்று காயங்களோடு நிரப்பியிருக்கிறேன்.

மாமா சிலேட்டைப் பிடித்தபடியே கேட்டார். "டிராக்டரப் பாத்துட்டா நின்ன?"

"கால் கெளம்புச்சிப்பா. அப்புறம் டிராக்டரு தெரிஞ்சிச்சி. நின்னுட்டேன்."

மாமா சாக்பீஸை எடுத்து, 'யாழினி 29' என்று எழுதினார். கீழே, 'அமுதா 0.' மறுநாள் காலை இட்லித் தட்டோடு மாத்திரையையும் அவரே எடுத்து வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் கால் இடறினாலும் ஒரே கேள்விதான்: "காலையில மாத்திர போட்டியா?" என் கல்யாணத்தில் மணவறைப் படியில் நான் தடுக்கியபோது, அதைக் கேட்டவள் யாழினி.

இப்போது 2012. யாழினிக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக் கபடி அணியில் இருக்கிறாள். மாத்திரை தொடர்கிறது, சிதம்பரத்து டாக்டர் அவ்வப்போது பார்த்து அளவைச் சொல்கிறார். போன வருடம் அவளுக்கு ஒருமுறை கணுக்கால் சுளுக்கியது. என் இடது கை இன்னும் முழுதாக நீளாது.