மெமரிக்குப் பிடித்த சனி

வேகநாத சுவாமிகள் மனிதர்களுக்குக் குறி சொல்வதில்லை. கம்ப்யூட்டர்களுக்கு மட்டும்தான் சொல்வார். கம்ப்யூட்டர் எதிர்க்கேள்வி கேட்காது பாருங்கள்!

2004-ஆம் ஆண்டில் அல்சூரில் அவருடைய மண்டபத்து வாசலில் நிற்க இடம் கிடையாது. வைட்ஃபீல்டிலிருந்து கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க வந்தவர்கள், ஆட்டோவில் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் அணைத்தபடி வந்தவர்கள், "ஸ்வல்ப ஜாக பிடி சார்", கொஞ்சம் இடம் விடுங்க சார், என்று முண்டியடிப்பவர்கள். எல்லாருக்கும் ஒரே குறை. கடையில் வாங்கும்போது மெமரிப் பட்டையின் மேல் வேகம் 400 என்று அச்சடித்திருக்கிறது. வீட்டில் மாட்டினால், கம்ப்யூட்டர் கண்விழிக்கும்போதே 266 என்று காட்டுகிறது. தரகர் சொன்ன சம்பளத்துக்கும் மாப்பிள்ளை வாங்கும் சம்பளத்துக்கும் உள்ள அதே வித்தியாசம்.

"மெமரி ஓடத்தான் பாக்குது. சனி காலைப் பிடிச்சு இழுக்குது," என்பார் சுவாமிகள்.

பெட்டிக்குச் சொந்தக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தை வலம் வரவேண்டும். பிறகு சுவாமிகள் மானிட்டரையும் கீபோர்டையும் பட்டுத்துணியால் மூடுவார். எலுமிச்சம்பழத்தோடு தானும் அந்தத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்கும். சனி கழல்கிறதாம்! துணியை விலக்கினால் திரையில் 400. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஒரு பக்தர் மெமரிப் பட்டையின் அடியிலுள்ள தங்கப் பற்களுக்கே மஞ்சள் குங்குமம் தடவி மாட்ட, பெட்டி பீப் பீப் என்று கதறியது. "ஓம் சொல்லுது," என்றார் சுவாமிகள். அந்தப் பக்தர் படித்த எஞ்சினியர். அழுதேவிட்டார்.

மர்பி டவுனில் கல்யாண வீடியோ கடை வைத்திருந்த ராஜேந்திரனும் மனைவி வேதநாயகியும் அங்கே போனார்கள். கேமரா அவன் பொறுப்பு, எடிட்டிங் அவள் பொறுப்பு. முகூர்த்தக் காட்சிக்கு ஒரு பூமாரி சேர்ப்பதற்குள் அவர்கள் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது.

வேதநாயகி சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. துணியை விலக்கும்போதெல்லாம் அந்த எலுமிச்சம்பழம் கீபோர்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"சாமி, துணி எதுக்கு?"

சுவாமிகள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் நட்சத்திரம் என்னம்மா?"

"மூலம்."

"அதான பாத்தேன்! ராஜேந்திரா, இவ கை பட்ட கீபோர்டுலதான் சனி குடியிருக்கு. ஆயுத பூஜை அன்னிக்கு நானே உன் கடைக்கு வர்றேன். அதுக்கப்புறம் இவ கடைக்குள்ள கால் வைக்கக் கூடாது."

வீட்டுக்கு வரும் வழியிலேயே ராஜேந்திரன் ஆரம்பித்தான். "கொஞ்ச நாள் வீட்டோட இரு வேதா. மெமரி நல்லாயிடட்டும்."

இருவரும் சேர்ந்து வளர்த்த கடை அது. கட்டிய மனைவியைவிடப் போன மாதம் வாங்கிய மெமரி உசத்தியாகிவிட்டது!

ஆயுத பூஜையன்று கடை வாசலில் மர்பி டவுனே கூடியது. பூசணிக்காய் உடைந்தது, கற்பூரம் எரிந்தது. சுவாமிகள் பட்டுத்துணியை உதறினார்.

"ஒரு நிமிஷம் சாமி," என்றாள் வேதநாயகி. "என் கை பட்ட கீபோர்டுலதான சனி இருக்கு?"

"ஆமாம்மா."

"அப்ப அது எதுக்கு உங்க பூஜைக்கு?" பெட்டியின் பின்னாலிருந்து கீபோர்டு ஒயரைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

சுவாமிகளின் விபூதி வியர்வையில் கரைந்தது. "கீபோர்டு வேணும்மா. பழத்தை எங்க வைக்கிறது?"

"கீழ வைங்க. மாரியாத்தாவுக்கு என்ன கீபோர்டுலயா வச்சுப் படைக்கிறாங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "சாமி, மந்திரத்துக்கு ஒயர் எதுக்கு? சொல்லுங்க, சொல்லுங்க," என்று ராஜேந்திரனே பக்தியோடு உந்தினான். சுவாமிகள் துணிக்குள் புகுந்தார். தொண்டை கிழிய மந்திரம் சொன்னார். பெட்டியை அணைத்துப் போட்டார்கள். துணியை வேதநாயகி விலக்கினாள்.

266. அதன் கீழே, கீபோர்டைக் காணோம், தொடர்வதற்குக் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்துங்கள் என்று இங்கிலீஷில் ஒரு வரி. கூட்டத்தோடு சேர்ந்து கம்ப்யூட்டருக்கும் புத்தி பேதலித்துவிட்டது போலும்.

அவள் பெட்டியை அணைத்துக் கீபோர்டை மாட்டினாள். சாம்பாருக்குக் காய் வாங்கி வந்த கூடையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்தாள். பெட்டி விழித்ததும், எலுமிச்சம்பழம் வழக்கமாக உட்காரும் பட்டனின் மேல் அதன் காம்பை வைத்து அழுத்தினாள். மந்திரம் இல்லை, கற்பூரம் இல்லை. நீலத்திரை ஒன்று திறந்தது.

"படிங்க," என்றாள் புருஷனிடம்.

அவன் எழுத்துக்கூட்டினான். "மெமரி வேகம்... 266." குரல் இறங்கிவிட்டது. "பக்கத்துலயே 400-னும் இருக்கு வேதா."

"அதைத் தேர்ந்தெடுங்க. சேமிச்சுட்டு வெளிய வாங்க."

பெட்டி மறுபடி விழித்தது. 400.

அவ்வளவுதான் சங்கதி. யாராவது அந்த நீலத்திரைக்குள் போய்ச் சொல்லும்வரை அந்தப் பெட்டி பயந்து மெதுவாக ஓட்டும். உள்ளே போக எந்தப் பட்டனை அழுத்தவேண்டும் என்பதை அதுவே ஒவ்வொரு காலையிலும் திரையின் அடியில் எழுதிக் காட்டுகிறது. எல்லாரும் அதைப் பார்த்தபடியேதான் அல்சூருக்கு ஆட்டோ பிடித்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் சுவாமிகளைக் காணோம். தெருக்கோடியில் காவி வேட்டி பறந்துகொண்டிருந்தது. எந்தப் பரிகாரமும் இல்லாமல் அவர் மட்டும் முழு வேகத்தில் ஓடினார்.

ராஜேந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "வந்து உக்காரு வேதா."

"எனக்கு இன்னமும் மூல நட்சத்திரந்தாங்க," என்றாள். அவன் கீபோர்டை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான். அவள் சுவாமிகளின் பட்டுத்துணியால் கீபோர்டிலிருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அப்போது கம்பெனி அட்டை தொங்கிய ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பயபக்தியோடு கைகட்டி நின்றார்.

"மேடம், அந்தக் கத்திரிக்காய் நாட்டுக்காயா, ஹைப்ரிடா? எந்தக் கிழமை வாங்கணும்?"

வேதநாயகி அந்தக் கத்திரிக்காயை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இதைக் கொழம்புல போடுங்க சார். பெட்டிக்குள்ள இருக்குற மெமரி ஓடலைன்னு ஊரெல்லாம் அலையுறீங்களே, மண்டைக்குள்ள ஒண்ணு இருக்கே, அதை என்னிக்காவது ஓட்டிப் பாத்தீங்களா?"